‘கூல்’ ஆளும் ‘சில்’ ஆளும் ஒருவரேதானா?

கேள்வி இது: அலுவலகத்துக்குப் புதிதாக வந்த மேலாளரைப் பற்றி ஒரு சக ஊழியர் “ஷி இஸ் கூல்” என்கிறார், இன்னொருவர் “ஷி இஸ் சில்” என்கிறார். இருவரும் சொல்வது ஒன்றுதானா? அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் குளிர்ச்சி என்று போட்டிருக்கிறது. கொச்சைப் பொருளைத் தேடினால் இரண்டுக்கும் ‘அமைதியான, பதற்றப்படாத’ என்று வருகிறது. எங்கே எதைச் சொல்வது, மெசேஜுக்குப் பதிலாக வெறும் “கூல்” என்று மட்டும் வந்தால் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்வதா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நேரடியான பதில். ‘கூல்’ என்றவர் அந்த மேலாளருக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார். ‘சில்’ என்றவர் அவரிடம் வேலை பார்ப்பது எப்படி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். ஒருவர் கூலா இல்லையா என்பது பார்ப்பவர் சொல்லும் தீர்ப்பு. சில்லா இல்லையா என்பது கூட இருப்பவருக்குத் தெரிகிற லேசு. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். ஆனால் இரண்டும் நிஜமாகவே ஒன்றின் மேல் ஒன்று படிகிற இடங்களும் உண்டு, குழப்பம் வருவது அங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உச்சரிப்பு பற்றி ஒரு சின்னக் குறிப்பு. தமிழில் ‘சில்’ என்று எழுதினாலும் அந்தச் ச, ‘பச்சை’யில் வருகிற அழுத்தமான ச. நமக்கு ஏற்கெனவே ‘சில்லென்ற காற்று’, ‘ஜில்லுன்னு தண்ணி’ எல்லாம் இருப்பதால் இந்த ஆங்கிலச் சொல் காதில் விழுந்ததும் பழகின சொல் போலத் தோன்றிவிடுகிறது. அது வெறும் தற்செயல். நம்முடையது ஒலிக்குறிப்பு, அவர்களுடையது வேறு குடும்பம்.

அந்தக் குடும்பம் எது என்றால், கூல், சில், கோல்ட் மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. உறைபனியைக் குறிக்கும் இலத்தீன் ‘கெலு’ அவற்றுக்குத் தூரத்துச் சொந்தம். ஜெல்லி, ஜெலட்டின் எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஆனால் பழைய நேர்ப்பொருளில் கூலும் சில்லும் சமமான குளிர் இல்லை. கூல் சுகமான குளிர்ச்சி. சில் நடுங்க வைக்கிற குளிர். “ஐ காட் எ சில்” என்றால் குளிர் தாக்கி உடம்புக்கு முடியாமல் போனது. திகில் கதை படித்து முதுகுத்தண்டில் ஓடுவதும் சில்தான். அமெரிக்க நீதிமன்றங்கள் ‘சில்லிங் எஃபெக்ட்’ என்று ஒன்றைச் சொல்லும்: ஒரு சட்டத்துக்குப் பயந்து, சட்டப்படி பேசக்கூடியதைக்கூட ஆட்கள் பேசாமல் வாயை மூடிக்கொள்வது. அமெரிக்கக் குற்றக் கும்பல்களின் பழைய பேச்சில் ஒருவனைச் சில் செய்வது என்றால் தீர்த்துக்கட்டுவது. இவ்வளவு கடுமையான சொல், இன்று சோபாவில் காலை நீட்டிப் படுத்திருப்பதற்குப் பெயராகியிருக்கிறது. இரண்டு சொல்லில் முரட்டுச் சொல்லாக இருந்தது எதுவோ அதுதான் இன்று சாதுவானது.

‘கூல்’ கொச்சையில் நுழைந்த கதை நீளமானது. உணர்ச்சிவசப்படாத நிலையைக் குளிர்ச்சி என்று சொல்வது ஆங்கிலத்தில் பழைய வழக்கம். 1590-களிலேயே ஷேக்ஸ்பியர், காதலர்களின் கொதிக்கும் மூளைக்கு எதிராக ‘கூல் ரீசன்’ என்று நிதானமான அறிவை நிறுத்துகிறார். பிறகு இந்த நிதானம் துணிச்சலாக, துணிச்சல் திமிராக மாறியது. இதற்கு ஓர் அழகான சான்று ஆபிரகாம் லிங்கன். 1860 பிப்ரவரி 27 அன்று நியூயார்க் கூப்பர் யூனியனில் அவர் பேசிய பேச்சு அது. குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர் அதிபரானால் நாட்டை உடைப்போம், உடைந்த பழியும் உங்களைத்தான் சேரும் என்று தென்மாநிலத்தார் மிரட்டிக்கொண்டிருந்தார்கள். அதை எடுத்துச் சொல்லிவிட்டு லிங்கன் “தட் இஸ் கூல்” என்றார். வழிப்பறிக்காரன் காதருகே துப்பாக்கியை வைத்து, “பணத்தைக் கொடு, இல்லையென்றால் உன்னைக் கொல்வேன், அப்புறம் நீதான் கொலைகாரன்” என்று சொல்வது போல இருக்கிறது என்று தொடர்ந்தார். இன்றைய அமெரிக்க இளைஞர் அந்த வரியைப் படித்தால் லிங்கன் பாராட்டுகிறார் என்று நினைத்துக் குழம்புவார். ‘என்ன நெஞ்சழுத்தம்!’ என்பதுதான் அங்கே பொருள்.

ஆங்கிலத்தில் இந்தப் பொருள் இன்று மங்கிவிட்டது. தமிழ்ப் பேச்சில் மங்கவே இல்லை. “பண்றதெல்லாம் பண்ணிட்டு கூலா வந்து உட்கார்றான் பாரு” என்கிறோமே, அது அப்படியே லிங்கனின் கூல். நாம் கடன் வாங்கிய சொற்களில் இப்படி அசல் வீட்டில் தேய்ந்துபோன பொருள் இங்கே பளபளவென்று இருப்பது அடிக்கடி நடப்பதுதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் “ஹி கேம் லேட் அண்ட் சாட் கூல்” என்று சொன்னால் எதிரில் இருப்பவருக்குப் புரியாது. அங்கே ‘லி’ சேர்த்து ‘கூல்-லி’ என்று வினையடையாக்கிச் சொன்னால்தான் அந்த நெஞ்சழுத்தம் கொஞ்சமாவது வரும்.

சரி, பாராட்டு எங்கிருந்து வந்தது? கறுப்பின அமெரிக்கர்களின் பேச்சிலிருந்து, குறிப்பாக ஜாஸ் இசைக்காரர்களிடமிருந்து. 1920-களில் ஜாஸுக்குப் பாராட்டு ‘ஹாட்’தான், லூயி ஆம்ஸ்ட்ராங் தன் இசைக்குழுவுக்கே ‘ஹாட் ஃபைவ்’ என்று பெயர் வைத்து 1925-ல் ஒலிப்பதிவு தொடங்கினார். 1930-களில் கவுண்ட் பேஸியின் குழுவில் சாக்ஸபோன் வாசித்த லெஸ்டர் யங் அதற்கு நேர் எதிரான வாசிப்பைக் கொண்டுவந்தார். அழுத்தி முழங்காமல், லேசாக, தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி மிதக்கிற வாசிப்பு. ‘கூல்’ என்ற சொல்லை இன்றைய பொருளில் பரப்பியவர் என்று பொதுவாக அவரைத்தான் சொல்கிறார்கள். 1949, 1950-ல் மைல்ஸ் டேவிஸ் ஒரு ஒன்பது பேர் குழுவோடு செய்த பதிவுகள் 1957-ல் ‘பர்த் ஆஃப் தி கூல்’ என்ற பெயரில் இசைத்தட்டாக வந்தபோது சொல் ஒரு முழு இசை வகைக்கே பெயராகிவிட்டிருந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்காவில் ஒரு கறுப்பினத்தவர் பொது இடத்தில் கோபத்தைக் காட்டுவது உயிருக்கே ஆபத்து. அதனால் முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பது அலங்காரமல்ல, தற்காப்பு. அவமானப்படுத்துகிறவனுக்கு முன்னால் குலையாமல் நிற்பது ஒருவகை வெற்றியும்கூட. 1992-ல் ரிச்சர்ட் மேஜர்ஸ், ஜேனட் மான்சினி பில்சன் இருவரும் இந்தத் தற்காப்பை ‘கூல் போஸ்’ என்று பெயரிட்டு ஒரு நூலே எழுதினார்கள். யேல் பல்கலைக்கழகக் கலை வரலாற்றாளர் ராபர்ட் ஃபாரிஸ் தாம்சன் இன்னும் பின்னால் போனார். மேற்கு ஆப்பிரிக்க யொருபா மக்களிடம் ‘இதுது’ என்றொரு கருத்து உண்டு. நேர்ப்பொருள் குளிர்ச்சி, விரிபொருள் நிதானமும் பெருந்தன்மையும் சேர்ந்த குணம். அமெரிக்கக் கூலின் வேர் அங்கே இருக்கிறது என்பது 1973-ல் அவர் வைத்த வாதம். இது நமக்கு அந்நியமான எண்ணமே இல்லை. எல்லா உயிரிடத்தும் ‘செந்தண்மை’ பூண்டவரே அந்தணர் என்கிறது குறள். குளிர்ச்சியைப் பண்பாட்டின் உச்சியில் வைப்பது பல ஊர்களில் தனித்தனியாகத் தோன்றிய எண்ணமாகக்கூட இருக்கலாம், தாம்சன் சொல்வது போல ஒரே வழியில் வந்ததாகவும் இருக்கலாம். எனக்கு இரண்டாவதில் முழு நம்பிக்கை இல்லை, ஆனால் ‘இதுது’வில் பெருந்தன்மையும் அடக்கம் என்பது சுவாரசியமான செய்தி. ஏனென்றால் இன்றைய ‘கூல்’ அந்தப் பெருந்தன்மையைப் பெரும்பாலும் தொலைத்துவிட்டது, ‘சில்’தான் அதில் கொஞ்சத்தை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது.

‘சில்’ வந்த பாதை வேறு. இது பெயரடையாக வரவில்லை, வினைச்சொல்லாக வந்தது. 1979-ல் வெளியாகிப் பெரும் வெற்றி பெற்ற முதல் ராப் பாடல்களில் ஒன்றான ‘ராப்பர்ஸ் டிலைட்’டில், ஆடுவதற்கு ஒரு நேரம், ‘சில்’ செய்ய ஒரு நேரம் என்று ஒரு வரி வரும். அதாவது ஆட்டத்துக்கு எதிர்ப்பதம்: நிறுத்து, ஓய்வெடு. 1980-கள் முழுக்க ஹிப்-ஹாப் பேச்சில் “சில்” என்றால் ‘போதும், அடங்கு’ என்பதும் ‘சும்மா இரு’ என்பதும் சேர்ந்தே ஒலித்தது. அதே பத்தாண்டின் கடைசியில் லண்டன் நடன விடுதிகளில் ‘சில்-அவுட் ரூம்’ வந்தது. விடிய விடிய ஆடி உடம்பு கொதித்துப்போனவர்கள் போய் உட்கார ஒரு தனி அறை. அங்கே மெதுவான இசை, தண்ணீர், தாழ்ந்த வெளிச்சம். சொல்லின் நேர்ப்பொருளும் கொச்சைப் பொருளும் ஒரே அறையில் இருந்த அபூர்வமான சந்தர்ப்பம் அது. அந்த அறைகளின் இசையை ஒட்டி 1990-ல் கேஎல்எஃப் என்ற பிரிட்டிஷ் குழு ‘சில் அவுட்’ என்றே ஓர் ஆல்பம் வெளியிட்டது.

இந்த இரண்டு இசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உங்கள் கேள்விக்கான விடை அதிலேயே இருக்கிறது. ‘கூல் ஜாஸ்’ என்பது வாசிப்பவரின் பாணிக்குப் பெயர்: அவர் எப்படி அடக்கி வாசிக்கிறார் என்பது. ‘சில்-அவுட் மியூசிக்’ என்பது கேட்பவரின் நிலைக்குப் பெயர்: அது அவரை என்ன செய்கிறது என்பது. கூல் மேடையில் நிற்கிறது. சில் உங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது.

ஆட்களுக்கும் இதேதான். ஒருவர் கூலாக இருந்து சில்லாக இல்லாமல் போகலாம். உடையில் ஒரு தனி ரசனை, பேச்சில் ஒரு சொல் அதிகமில்லை, யாரையும் திருப்திப்படுத்த முயலாத தோரணை, ஆனால் அவர் அறைக்குள் நுழைந்தால் எல்லோரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள். அவரைக் கூல் என்று வியப்பார்கள். சில் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். மறுபக்கம், கசங்கின சட்டையோடு வருகிற ஒருவர். பழைய நகைச்சுவையையே திரும்பத் திரும்பச் சொல்வார், அவரைப் போல ஆக வேண்டும் என்று யாருக்கும் ஆசை கிடையாது. ஆனால் அவரிடம் ஒரு தவறைப் போய்ச் சொன்னால் “சரி விடு, பார்த்துக்கலாம்” என்பார். அவர் சில். தமிழில் முதலாமவரிடம் இருப்பது கெத்து. இரண்டாமவர் அலட்டிக்கொள்ளாத ஆள். ஆகவே உங்கள் மேலாளர் இரண்டுமாக இருந்தால் அதிர்ஷ்டம். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் சில் பக்கம் கையைத் தூக்குவேன்.

பொருள்களுக்கு வரும்போது எல்லை இன்னும் தெளிவு. கைக்கடிகாரம், மோட்டார் சைக்கிள், ஒரு கணித நிரூபணம், ஒரு புது மென்பொருள் எல்லாம் கூலாக இருக்கலாம். எதுவும் சில்லாக இருக்க முடியாது. “சில் வாட்ச்” என்று சொன்னால் சிரிப்பார்கள். சில்லாக இருக்கக்கூடியவை எல்லாம் நாம் உள்ளே போய் இருக்கக்கூடியவை: ஒரு மாலைப்பொழுது, ஒரு வார இறுதி, ஒரு வேலை, ஓர் ஊர், ஒரு பாட்டுத் தொகுப்பு. “கூல் ஜாப்” என்றால் மற்றவர் கேட்டு வாய் பிளக்கும் வேலை. விண்வெளி ஆய்வோ, திரைப்படச் சண்டை அமைப்போ, அப்படி ஏதாவது. “சில் ஜாப்” என்றால் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போகிற, தலையைத் தின்னாத வேலை. கூல் வேலைகளில் பெரும்பாலானவை கொஞ்சமும் சில் கிடையாது என்பது அந்த வேலைகளைப் பார்ப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

கூலுக்குக் காலாவதித் தேதி உண்டு, சில்லுக்குக் கிடையாது. போன தலைமுறையின் கூல் சிகையலங்காரம் இன்று கேலிப்படம். எது அடுத்த கூல் என்று மோப்பம் பிடித்துச் சொல்வதற்கே 1990-களில் ‘கூல்ஹன்ட்டிங்’ என்று ஒரு தொழில் கிளம்பியது. நிறுவனங்கள் காசு கொடுத்து ஆட்களைத் தெருவுக்கு அனுப்பி, இளைஞர்கள் எந்தச் செருப்பை விரும்புகிறார்கள் என்று பார்த்துவரச் சொல்லின. அரசுகளும் விடவில்லை. ஜப்பான் தன் அனிமே, உணவு, வடிவமைப்பை வெளிநாட்டில் பரப்ப 2013-ல் அமைத்த முதலீட்டு நிதியத்தின் பெயர் ‘கூல் ஜப்பான்’. எந்த அரசாவது தன்னைச் ‘சில்’ நாடு என்று விளம்பரம் செய்ய நிதி ஒதுக்குமா? வரி கட்டுபவர்கள் சும்மா விட மாட்டார்கள்.

இதனால்தான் கூலில் ஒரு வாசல் காவலாளி எப்போதும் நிற்கிறார். ‘கூல் கிட்ஸ்’ என்றால் பள்ளியில் மற்றவர்களைச் சேர்த்துக்கொள்ளாத கும்பல். கூலாக இருக்க முயல்வது வெளியே தெரிந்துவிட்டால் அந்த நொடியே கூல் போய்விடும். சில்லில் இந்தக் காவல் இல்லை, ஆனால் வேறொரு தந்திரம் வந்து சேர்ந்திருக்கிறது. குறிப்பாகக் காதல் விவகாரங்களில் “ஐ ஆம் சில்” என்று சொல்வது, ‘நான் எதையும் கேட்க மாட்டேன், நீ எப்போது அழைத்தாலும் சரி, அழைக்காவிட்டாலும் சரி’ என்று காட்டிக்கொள்வதாகிவிட்டது. 2012-ல் வந்து பெரும் பேச்சான ஓர் அமெரிக்க நாவலில் ‘கூல் கேர்ள்’ பற்றி நீண்ட ஆவேசமான பகுதி ஒன்று வரும்: ஆண்களுக்குப் பிடித்ததெல்லாம் தனக்கும் பிடித்ததாகக் காட்டிக்கொண்டு, எதற்கும் கோபப்படாமல் சிரித்துக்கொண்டே இருக்கும் ஒரு பெண் பிம்பம். அதைப் படிக்கும்போது அங்கே வர்ணிக்கப்படுவதில் பாதி உண்மையில் ‘சில்’தானே என்று தோன்றும். இரண்டு சொல்லும் ஒன்றோடொன்று கலந்துபோன இடங்களில் இது முக்கியமானது.

இனி அன்றாடப் பேச்சு. ‘வித்’ சேர்ந்தால் கூல் என்பது சம்மதம். “மை மதர் இஸ் கூல் வித் இட்” என்றால் அம்மாவுக்கு ஆட்சேபம் இல்லை, அனுமதி கிடைத்துவிட்டது. “மை மதர் வாஸ் சில் அபவுட் இட்” என்றால் கதை வேறு: வீட்டில் பூகம்பம் வெடிக்கும் என்று பயந்துகொண்டே சொன்னேன், அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை. முதலாவது முடிவைச் சொல்கிறது, இரண்டாவது அந்தச் செய்தியை அவர் வாங்கிக்கொண்ட விதத்தை. அம்மா சில்லாகக் கேட்டுவிட்டு, கடைசியில் முடியாது என்றும் சொல்லியிருக்கலாம்!

எதிர்மறையிலும் இதே பிளவு. “நாட் கூல்” என்பது கண்டனம். நண்பனின் ரகசியத்தை நாலு பேர் முன்னால் உடைத்தவனிடம் “தட்ஸ் நாட் கூல்” என்றால், நீ செய்தது முறையில்லை என்று பொருள். ஸ்டைலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. “நாட் சில்” என்றால் அந்த ஆளோ சூழலோ இறுக்கமாக இருந்தது என்ற அளவில்தான், சில சமயம் அதே கண்டனத்தின் இளைய வடிவமாகவும் வரும்.

பெயர்ச்சொல்லாக இரண்டும் வருவது இன்னும் நுணுக்கமானது. “ஹி லாஸ்ட் ஹிஸ் கூல்” என்றால் வழக்கமாக நிதானமாக இருப்பவர் அன்றைக்கு வெடித்துவிட்டார். அது ஒரு சம்பவம். “ஹி ஹேஸ் நோ சில்” என்பது 2010-களில் இணையத்தில் பரவிய தொடர்; அது குணம். அடக்கி வாசிக்கவே தெரியாத பிறவி, ஒரு சின்ன ஆசை வந்தாலும் ஊரைக் கூட்டிவிடும். கோபத்துக்கு மட்டுமல்ல, அளவு மீறிய உற்சாகத்துக்கும் சொல்வார்கள். கூலை இழக்க முதலில் அது கையில் இருக்க வேண்டும். சில் சிலரிடம் தொடக்கத்திலிருந்தே கிடையாது.

ஏவலில் எச்சரிக்கை தேவை. “கூல் இட்” கொஞ்சம் பழைய வழக்கு, ‘ஆட்டத்தை நிறுத்து’ என்ற மிரட்டல் தொனி அதில் உண்டு. “கூல் டவுன்” மென்மையானது, சண்டைக்குப் பிறகு சூடு தணிவதற்கு. ‘ஆறுவது சினம்’ என்பதில் இருக்கிற அந்த ‘ஆறு’ இதற்கு அளவெடுத்த சொல். “சில்!” அல்லது “சில் அவுட்!” என்று முகத்துக்கு நேராகச் சொல்வதில் ஒரு குத்தல் இருக்கிறது: நீ தேவையில்லாமல் குதிக்கிறாய், விஷயம் அவ்வளவு பெரிதில்லை. நியாயமான காரணத்தோடு கோபமாக இருக்கும் ஒருவரிடம் இதைச் சொன்னால் கோபம் இரட்டிப்பாகும். மேலதிகாரியிடம், வாடிக்கையாளரிடம், முக்கியமாகத் துணைவரிடம் சொல்லாதீர்கள். “வி வேர் ஜஸ்ட் சில்லிங்” என்று நடந்ததைச் சொல்வதில் இந்தக் குத்தல் எதுவும் இல்லை. நண்பர்களோடு ஆற அமர உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். ‘ஆற அமர’வில் ஆறுவதும் இருக்கிறது, அமர்வதும் இருக்கிறது; இந்தச் சில்லுக்கு இதைவிடப் பொருத்தமாகத் தமிழில் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

நெட்ஃப்ளிக்ஸ் பெயரோடு சேர்ந்து வரும் ‘அண்ட் சில்’ மட்டும் விதிவிலக்கு. 2015 வாக்கில் அது படுக்கை அழைப்புக்கு மறைசொல்லாகிவிட்டது. அலுவலகத்தில் யாரையாவது வீட்டுக்குப் படம் பார்க்கக் கூப்பிடும்போது இந்தத் தொடரைத் தவிர்ப்பது நல்லது.

இன்னும் இரண்டு பொறிகள். “ஷி வாஸ் கூல் டுவர்ட்ஸ் மி” என்றால் பாராட்டு அல்ல. அவர் முகங்கொடுத்துப் பேசவில்லை என்று பொருள். செய்தித்தாளில் ஒரு திட்டத்துக்கு ‘கூல் ரெஸ்பான்ஸ்’ கிடைத்தது என்று வந்தால் யாரும் அதை வரவேற்கவில்லை என்று படிக்க வேண்டும். அதேபோல் “எ சில்லிங் ஃபிலிம்” என்பது ஓய்வாகப் பார்க்கும் படமல்ல, குலைநடுங்க வைக்கும் படம். “ஐ ஆம் சில்லிங்” என்பதில் இருக்கும் அதே வடிவம்தான், ஆனால் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவுடன் பழைய நடுக்கம் திரும்பிவிடுகிறது.

மெசேஜ் விஷயத்துக்கு வருகிறேன். “நாளைக்கு நாலு மணிக்குச் சந்திக்கலாம்” என்று அனுப்பியதற்கு “கூல்” என்று பதில் வந்தால் அது வெறும் ‘சரி’. வியப்பும் இல்லை, கோபமும் இல்லை. தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்டால் “இட்ஸ் கூல்” என்பார்கள். ‘பரவாயில்லை’ என்று பொருள். “ஆர் வி கூல்?” என்றால் நமக்குள் மனத்தாங்கல் ஒன்றும் இல்லையே என்று கேட்கிறார்கள். காபி வேண்டுமா என்றதற்கு “ஐ ஆம் கூல்” என்றால் வேண்டாம். இந்த எல்லா இடத்திலும் இளைய தலைமுறை இப்போது “இட்ஸ் சில்”, “வி ஆர் சில்” என்று சொல்லத் தொடங்கியிருக்கிறது, பொருளில் ஒரு வித்தியாசமும் கிடையாது, வயதில்தான். ஆனால் நீங்கள் உற்சாகமாக நாலு வரி எழுதி, மூன்று படம் அனுப்பி, அதற்கு ஒற்றை “கூல்” வந்தால் அது வேறு. அங்கே அந்தச் சொல் தன் பழைய வெப்பநிலைக்கே போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். முற்றுப்புள்ளியும் வைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

எதைப் பயன்படுத்துவது என்றால், தயக்கம் இருக்கும்போது ‘கூல்’. எந்த வயதினரும் சொல்லலாம், எந்த நாட்டு ஆங்கிலத்திலும் புரியும், ‘க்ரூவி’ போன்ற, இதோடு சேர்ந்து புழங்கிய பாராட்டுச் சொற்கள் பழசாகிப்போன பிறகும் இது பிழைத்திருக்கிறது. ‘சில்’லை ஆளைப் பற்றியும் பொழுதைப் பற்றியும் சொல்லத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், கட்டளையாக மட்டும் வேண்டாம். அலுவலக மின்னஞ்சலில் “சவுண்ட்ஸ் கூல்” வரை போகலாம். “சவுண்ட்ஸ் சில்” என்று எழுதினால், எழுதியவர் வேலையைப் பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சிலர் நினைத்துவிடுவார்கள்.